ஸ்கோப் இல்லாமல் சுடுவது வீண் பிடிவாதமா?

வாசகர் கேள்வி, மார்ச் 1

என்னிடம் ஒரு .22 (0.22 அங்குலக் குண்டு) ரைஃபிள் இருக்கிறது. போட்டி எதற்கும் போவதில்லை, பொழுதுபோக்குத்தான். 50 மீட்டரில் காகித டார்கெட், சில நாள் தகர டப்பா, ஆசை வந்தால் 100 மீட்டர். உடன் சுடுகிறவர்கள் எல்லோரும் ஸ்கோப் (ரைஃபிள்மேல் மாட்டும் குறிபார்க்கும் தொலைநோக்கி) போடச் சொல்கிறார்கள். அவர்கள் காட்டுகிற ஸ்கோப்பின் விலை ரைஃபிளின் விலையைத் தாண்டுகிறது. ரைஃபிளோடு வந்த இரும்பு சைட்டிலேயே (லென்ஸ் இல்லாமல் குறிபார்க்கும் உலோக அமைப்பு) சுட்டுக்கொண்டிருப்பது பிடிவாதமா, இல்லை அதில் ஏதாவது அர்த்தம் இருக்கிறதா?

மார்ச் 1, இரவு

அர்த்தம் இருக்கிறது. ஆனால் "முன்னோர்கள் இப்படித்தான் சுட்டார்கள்" என்ற காரணத்துக்காக வேண்டாம். முன்னோர்களிடம் ஸ்கோப் இருந்திருந்தால் போட்டிருப்பார்கள்.

நான் இரண்டிலும் சுடுகிறேன். மகிழ்ச்சிக்காகச் சுடும் நாளில் கை தானாக இரும்பு சைட் ரைஃபிளைத்தான் எடுக்கிறது. ஏன் என்று நாளை எழுதுகிறேன், இப்போது தூக்கம்.

மார்ச் 2

சரி, அடிப்படையில் இருந்து வருவோம். கண்ணுக்குப் பக்கத்தில் பள்ளம் வெட்டிய தகடான பின் சைட், குழல் முனையில் நிற்கும் முன் சைட், டார்கெட் என்று மூன்று பொருள்கள் மூன்று தூரங்களில் இருக்கின்றன. கண்ணால் ஒரு நேரத்தில் ஒரு தூரத்தைத்தான் கூர்மையாகப் பார்க்க முடியும். அதனால் எதை மங்க விடுவது என்று நீங்கள் முடிவு செய்தாக வேண்டும். புதிதாகச் சுடுகிறவர்கள் டார்கெட்டைப் பார்ப்பார்கள். பார்க்க வேண்டியது முன் சைட்டை.

கணக்குப் போட்டால் காரணம் புரியும். முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடைவெளி 500 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். பின் சைட் பள்ளத்தின் நடுவில் இருந்து முன் சைட் 0.1 மி.மீ. விலகினால், 50 மீட்டரில் குண்டு 10 மி.மீ. விலகும். சர்வதேசப் போட்டிகளின் 50 மீட்டர் டார்கெட்டில் பத்தாம் வளையத்தின் விட்டம் 10.4 மி.மீ. அதாவது ஒரு மயிரிழை விலகலில் பத்து ஒன்பதாகிவிடும். மாறாக இரண்டு சைட்டும் சரியாகச் சேர்ந்திருந்து, குறி மட்டும் டார்கெட்டில் 10 மி.மீ. தள்ளி இருந்தால் குண்டும் 10 மி.மீ.தான் தள்ளிப் போகும், அதற்கு மேல் போகாது. சைட்டுகளுக்கு இடையே நடக்கும் தவறுதான் நூறு மடங்காகப் பெருகுகிறது. மங்கலான டார்கெட்டை மன்னித்துவிடலாம், மங்கலான முன் சைட்டை மன்னிக்க முடியாது.

மார்ச் 2, மதியம்

உடனே ஒருவர் கேட்டுவிட்டார்: "அப்படியானால் ஸ்கோப்பே மேல் என்று நீங்களே நிரூபித்துவிட்டீர்களே?"

ஆமாம். ஸ்கோப்பில் குறுக்குக் கோடும் டார்கெட்டும் ஒரே தூரத்தில் இருப்பதுபோலத் தெரியும். இரண்டு சைட்டைச் சேர்த்து வைக்கும் வேலையே கிடையாது. பெஞ்சில் மணல் மூட்டை மேல் வைத்துச் சுட்டால் ஸ்கோப் போட்ட ரைஃபிளின் குரூப் (ஓட்டைகள் பரவிக் கிடக்கும் கூட்டம்) சிறியதாக இருக்கும், இதில் விவாதமே வேண்டாம். ரைஃபிள் எவ்வளவு துல்லியமாகச் சுடும் என்று தெரிந்துகொள்ள ஸ்கோப் நல்ல கருவி. நான் எவ்வளவு துல்லியமாகச் சுடுவேன் என்று தெரிந்துகொள்வது வேறு வேலை, எனக்கு அதில்தான் ருசி.

மார்ச் 4

"ஒலிம்பிக்ஸில் இரும்பு சைட்தான்" என்று ஒரு பதில் வந்திருக்கிறது. உண்மை. 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் பத்து என்பது 0.5 மி.மீ. புள்ளி. 4.5 மி.மீ. பெல்லட்டால் (ஏர் ரைஃபிளின் சின்னக் குண்டு) அந்தப் புள்ளியைத் தொட வேண்டும், உருப்பெருக்கிக் காட்டும் கண்ணாடி எதுவும் கூடாது. 2008இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியது அப்படித்தான். 2024இல் பாரிஸில் ஸ்வப்னில் குசாலே 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியில் வெண்கலம் வாங்கியதும் அப்படித்தான். பயத்லான் இன்னும் கொடுமை. பனிச்சறுக்கில் ஓடிவந்து, நெஞ்சு அடித்துக்கொண்டிருக்கும்போதே 50 மீட்டரில் சுட வேண்டும். படுத்துச் சுடும்போது 45 மி.மீ. வட்டம், நின்று சுடும்போது 115 மி.மீ. அங்கேயும் உருப்பெருக்கம் கிடையாது. பால்மா என்ற நெடுந்தூரப் போட்டியில் 800, 900, 1000 கஜத்தில் ஸ்கோப் இல்லாமல்தான் சுடுகிறார்கள்.

இதைப் படித்துவிட்டு மார்தட்ட வேண்டாம். அவர்கள் சுடுவது பீப் சைட்டில். கண்ணுக்குப் பக்கத்தில் சின்னத் துளை கொண்ட தகடு, முன்னால் வளையம், நகர்த்துவதற்கு மைக்ரோமீட்டர் திருகு. அந்தச் சைட்டே சில சமயம் நல்ல ஸ்கோப் விலைக்கு வரும். உங்கள் ரைஃபிளில் இருக்கும் வளைந்த தகடும் அதன் பள்ளமும் அதற்குத் தூரத்து உறவு. ஆகவே "ஒலிம்பிக்ஸிலேயே இப்படித்தான்" என்ற வாதம் பாதி வாதம்தான்.

மார்ச் 4, இரவு

பாரிஸில் டி-ஷர்ட் போட்டுக்கொண்டு, ஒரு கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு வெள்ளி வாங்கிய துருக்கிக்காரர் படத்தையும் ஒருவர் போட்டிருக்கிறார். யூசுப் திகேச், 10 மீட்டர் ஏர் பிஸ்டல் கலப்பு அணி. படம் பார்க்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தப் போட்டியில் பிஸ்டல் சுடும் எல்லோரும் ஒரு கையால்தான் சுட வேண்டும், மற்றக் கை எங்கேயாவது இருந்தாக வேண்டும், பலரும் பாக்கெட்டில்தான் விடுகிறார்கள். அவர் கையில் இருந்ததும் போட்டிக்கென்றே செய்த பிஸ்டல். இரண்டு கண்ணையும் திறந்துவைத்துச் சுட்டார், அதைக் கற்றுக்கொள்ளுங்கள். டி-ஷர்ட்டில் எந்த ரகசியமும் இல்லை.

மார்ச் 5

பதில்களில் சிமோ ஹய்ஹா இன்னும் வரவில்லையே என்று நினைத்தேன். வந்துவிட்டார்.

1939–40இல் சோவியத் படையோடு நடந்த குளிர்காலப் போரில் ஸ்கோப் இல்லாமல் சுட்ட ஃபின்லாந்து வீரர். தலையைத் தாழ்வாக வைத்துக்கொள்ளலாம், வெயிலில் கண்ணாடி மின்னி ஆளைக் காட்டிக்கொடுக்காது, கடும் குளிரில் கண்ணாடி பனிபடியாது என்பவை அவர் தரப்புக் காரணங்கள். காகித டார்கெட் திருப்பிச் சுடுவதில்லை. அவரை இங்கே இழுக்க வேண்டாம்.

மார்ச் 8

இன்றுதான் உட்கார்ந்து எழுத நேரம். முதல் நாள் சொல்கிறேன் என்று விட்ட காரணம் இது.

.22 குண்டு போடும் ஓட்டை ஏறக்குறைய 5.6 மி.மீ. கூர்மையான கண் பிரித்துப் பார்க்கக்கூடிய அளவு சுமார் ஒரு ஆர்க் நிமிடம், அதாவது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. 50 மீட்டரில் அது 14–15 மி.மீ. வருகிறது. ஆக, கறுப்பு வட்டத்துக்குள் விழுந்த ஓட்டையை வெறும் கண்ணால் பார்க்கவே முடியாது. இரும்பு சைட்டில் சுடுகிறவர் ஐந்து குண்டையும் போட்டுவிட்டு, சுடுதளத்தில் எல்லோரும் சுடுவதை நிறுத்திய பிறகு நடந்துபோய்ப் பார்க்க வேண்டும், அல்லது பக்கத்தில் ஸ்பாட்டிங் ஸ்கோப் (ஓட்டையைப் பார்க்க மட்டும் தனியாக நிறுத்தும் தொலைநோக்கி) வைத்திருக்க வேண்டும்.

எல்லோரும் இதைக் குறையாகச் சொல்கிறார்கள். எனக்கு இதுதான் முக்கியமான லாபம்.

ஒன்பது மடங்கு ஸ்கோப்பில் சுடும்போது என்ன நடக்கிறது என்று கவனித்துப் பாருங்கள். டிரிகர் விழுந்த மறு நொடி ஓட்டை தெரிகிறது. வலப்பக்கம் போயிருந்தால் அடுத்ததைக் கொஞ்சம் இடப்பக்கம் வைக்கிறோம். அது மேலே போனால் அதற்கடுத்ததைக் கீழே. ஒவ்வொரு குண்டும் முந்தின குண்டுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது. கடைசியில் ஓட்டைகள் நடுவைச் சுற்றிப் பரவிக் கிடக்கும். அதில் எது சைட் கோளாறு, எது டிரிகரை வெடுக்கென்று இழுத்தது, எது காற்று என்று யாராலும் சொல்ல முடியாது. நானும் நெடுநாள் இப்படித்தான் சுட்டேன். ஸ்கோப்பின் குமிழைத் திருகித் திருகியே தோட்டாப் பெட்டி காலியாகும்.

இரும்பு சைட்டில் பதில் தெரியாது. தெரிவதெல்லாம் டிரிகர் விழுந்த கணத்தில் முன் சைட் எங்கே இருந்தது என்ற படம் மட்டும். "இது வலப்பக்கம், நாலு மணித் திசை, எட்டாம் வளையம்" என்று ஓட்டையைப் பார்ப்பதற்கு முன்பே சொல்லிப் பழக வேண்டும். சுடுகிறவர்கள் இதை ஷாட் கால் பண்ணுவது என்பார்கள். ஒரு தாளில் வட்டம் வரைந்து, ஒவ்வொரு குண்டுக்கும் எங்கே போயிருக்கும் என்று புள்ளி வையுங்கள். பிறகு டார்கெட்டைக் கொண்டுவந்து பக்கத்தில் வையுங்கள். இரண்டும் ஒத்துப்போனால், சிதறல் பெரிதாக இருந்தாலும் நீங்கள் நன்றாகச் சுடுகிறீர்கள். எங்கே பிழை என்று உங்களுக்குத் தெரிகிறது. ஒத்துப்போகாமல், ஓட்டைகள் எல்லாம் ஒரே பக்கமாகத் தள்ளி இருந்தால் சைட்டை நகர்த்துங்கள். ஒத்துப்போகாமல் சிதறியும் இருந்தால் டிரிகர் விழும்போது கண்ணை மூடுகிறீர்கள். கோபம் வேண்டாம், எல்லோரும் மூடுகிறார்கள்.

ஸ்கோப்பிலும் ஷாட் கால் பண்ணலாம், நல்ல சுடுகிறவர்கள் பண்ணுகிறார்கள். ஆனால் விடைத்தாள் கண்முன் திறந்து கிடக்கும்போது கணக்குப் போடப் பொறுமை யாருக்கு வரும்?

மார்ச் 8, இரவு

மேலே எழுதியதோடு ஒட்டிய இன்னொன்று. பெஞ்சை விட்டு எழுந்து நின்று சுடுங்கள். சாதாரண ஆள் நின்று சுடும்போது கை ஆட்டமே 50 மீட்டரில் ஒரு சாண் அகலத்துக்குத் திரியும். இரும்பு சைட்டால் வரக்கூடிய பிழை அந்த ஆட்டத்துக்குள் காணாமல் போய்விடும். விலை உயர்ந்த ஸ்கோப் அந்த ஆட்டத்தைப் பெரிதாக்கிக் காட்டுமே தவிரக் குறைக்காது. குறுக்குக் கோடு நடுவைக் கடக்கும் நொடியில் பிடித்துவிட வேண்டும் என்று டிரிகரைப் பறிப்போம், குண்டு வெளியே போகும். சைட் மெல்ல ஆடிக்கொண்டே இருக்கட்டும், அழுத்தம் நிற்காமல் கூடட்டும். இரும்பு சைட்டில் ஆட்டம் கண்ணை உறுத்தாததால் அந்தப் பொறுமை எளிதாக வருகிறது.

மார்ச் 9

"ஸ்கோப் கெட்டுப்போகும் என்று பயமுறுத்துகிறீர்களா?" இல்லை, நான் அதைச் சொல்லவே இல்லை. ஆனால் கேட்டதால் சொல்கிறேன்.

ஸ்பிரிங் ஏர் ரைஃபிளில் ஒரு மலிவு ஸ்கோப் வைத்திருந்தேன். குரூப் ஒரு நாள் இங்கே, மறுநாள் அங்கே. பெல்லட்டை மாற்றினேன், பேரலைத் துடைத்தேன், என் மூச்சைக்கூடச் சந்தேகப்பட்டேன். கடைசியில் பார்த்தால் ஸ்கோப்பைப் பிடித்திருக்கும் மவுன்ட், ரைஃபிள்மேல் உள்ள பள்ளத்தில் மெல்லப் பின்னால் ஊர்ந்துகொண்டிருந்தது. ஸ்பிரிங் ரைஃபிளில் பிஸ்டன் கிளம்பும்போது துப்பாக்கி ஒருமுறை பின்னால் உதைக்கும், பிஸ்டன் முட்டி நிற்கும்போது முன்னால் உதைக்கும். சக்தி பெரிதில்லை, ஆனால் இரண்டு திசை. தோட்டா ரைஃபிளின் உதையைத் தாங்கும் ஸ்கோப்கூட இதில் உள்ளே கழன்றுவிடும். இதற்கென்று செய்த ஸ்கோப்பும், பின்னால் ஊராமல் தடுக்கும் ஸ்டாப் பின் உள்ள மவுன்டும் வேண்டும். நான் ஸ்கோப்பைக் கழற்றிப் பழைய சைட்டைப் போட்டேன், விட்ட இடத்திலேயே சுட்டது. பள்ளம் வெட்டிய தகட்டில் கழலுவதற்கு என்ன இருக்கிறது?

.22 ரைஃபிளுக்கு இந்தத் தொல்லை கிடையாது. அதன் உதை எந்த ஸ்கோப்புக்கும் பொருட்டே இல்லை.

மார்ச் 10

வெளிச்சம் பற்றி யாரும் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும்.

திறந்த சைட்டின் பெரிய எதிரி பக்கவாட்டு வெயில். முன் சைட்டின் ஒரு பக்கம் பளபளத்தால், கண் அந்தப் பளபளப்பை விட்டுவிட்டு மிச்சத்தை நடுவில் வைக்கும், அல்லது பளபளப்பையே சைட் என்று நினைத்து அதை நடுவில் வைக்கும். எப்படியானாலும் குரூப் பக்கவாட்டில் நகரும். காலையில் சரியாகச் சுட்ட ரைஃபிள் மாலையில் தள்ளிச் சுடும், நாம் காற்றைத் திட்டுவோம். பழைய ஆட்கள் கார்பைடு விளக்குப் புகையில் சைட்டைக் காட்டி மசி ஏற்றுவார்கள். தோட்டா நிரப்பாத, போல்ட் கழற்றிய ரைஃபிளில் தீக்குச்சிப் புகைகூடப் போதும், பிளாஸ்டிக் சைட்டாக இல்லாவிட்டால். அந்த மசிக் கறுப்பு மாதிரி எந்த வண்ணமும் வராது. கையால் தொட்டால் போய்விடும், அது ஒன்றுதான் குறை.

பச்சை, சிவப்பில் ஒளிரும் ஃபைபர் சைட்? தகர டப்பாவுக்கு வேகமாகக் கண்ணில் படும், நன்று. காகிதத்துக்கு வேண்டாம். ஒளிரும் உருண்டைக்கு விளிம்பு கிடையாது. மேல் விளிம்பை எதோடு சமமாக வைப்பீர்கள்?

மார்ச் 13

கண் வயதாகிவிட்டது என்று எழுதியவருக்கு.

நாற்பதைத் தாண்டினால் முன் சைட் மங்குவது எல்லோருக்கும் வரும். வழி இருக்கிறது. தூரப் பார்வைக்குச் சரியாக உள்ள கண்ணாடியோடு +0.5 சேர்த்தால் கண் 2 மீட்டர் தூரத்தில் குவியும். முன் சைட் ஒரு மீட்டருக்குள்தானே இருக்கிறது, +1 போடலாமே என்று தோன்றும். போட்டால் முன் சைட் கூர்மையாகும், டார்கெட் பஞ்சாகிவிடும். +0.5 ஒரு சமரசம், இரண்டும் ஓரளவு பிடிபடும். கண் மருத்துவரிடம் முன் சைட் கண்ணில் இருந்து எவ்வளவு தூரம் என்று அளந்துகொண்டு போங்கள். ரைஃபிளை எடுத்துக்கொண்டு போக வேண்டாம். இருதூரக் கண்ணாடியும் பல்குவியக் கண்ணாடியும் சரிப்படாது. ஸ்டாக்கில் (ரைஃபிளின் கட்டை) கன்னம் வைக்கும்போது மூக்குப் பக்க மேல் மூலை வழியாகத்தான் பார்க்கிறோம்.

அடுத்த வழி பீப் சைட். சின்னத் துளை வழியாகப் பார்த்தால் முன் சைட்டும் டார்கெட்டும் இரண்டும் தெளிவாகும். ஒரு அட்டையில் ஊசியால் குத்தி, அதன் வழியாகக் கண்ணாடி இல்லாமல் எழுத்தைப் படித்துப் பாருங்கள், தெரிந்துவிடும். துளையின் நடுவைத் தேட வேண்டியதில்லை, கண் தானாக நடுவுக்குப் போகும். ஆகவே மூன்று பொருளைச் சேர்க்கும் வேலை இரண்டாகிறது. இதற்கு விலையாகக் கொடுப்பது வெளிச்சம்: துளை சிறுக்கச் சிறுக்க இருட்டும்.

மார்ச் 13, இரவு

ரெட் டாட்டை (உருப்பெருக்காத கண்ணாடியில் ஒளிரும் சிவப்புப் புள்ளியால் குறிபார்க்கும் கருவி) ஏன் விட்டுவிட்டீர்கள் என்கிறார் ஒருவர். விடவில்லை, யோசித்துக்கொண்டிருந்தேன்.

வயதான கண்ணுக்கு ரெட் டாட் நியாயமான தேர்வு. புள்ளி தொலைவில் இருப்பதுபோலத் தெரிவதால் டார்கெட்டைப் பார்த்தபடியே சுடலாம். ஆனால் சிதறல் பார்வை (அஸ்டிக்மாடிசம்) உள்ளவர்களுக்குப் புள்ளி வால் முளைத்துத் தெரியும். கருவி கெட்டுவிட்டது என்று திருப்பிக் கொடுப்பதற்கு முன் அதைச் சுழற்றிப் பாருங்கள். வால் கூடவே சுழலாமல் அதே பக்கம் நின்றால் கோளாறு கண்ணில்.

கண் ஒத்துழைக்காதபோது ஸ்கோப் போடுவதில் எந்தத் தோல்வியும் இல்லை. போடுவதானால் சின்னதாகப் போடுங்கள். 4 மடங்கு, 32 மி.மீ. முகப்புக் கண்ணாடி என்றால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றை 8 மி.மீ. அகலம், தலை கொஞ்சம் நகர்ந்தாலும் படம் போகாது. 16 மடங்கு, 40 மி.மீ. என்றால் அது 2.5 மி.மீ., தலையைச் சிலைபோல வைத்திருக்க வேண்டும். பெரிய எண் வாங்குகிறவர்கள் இதைக் கடையில் கேட்பதே இல்லை.

ஒரு வேண்டுகோள்: ஸ்கோப்பைத் தொலைநோக்கியாகப் பயன்படுத்தாதீர்கள். கண் போகும் இடத்துக்குப் பேரலும் போகிறது.

மார்ச் 15

மார்ச் 2 மதியக் குறிப்புக்கு ஒரு சேர்க்கை. ஸ்கோப் நல்ல கருவி என்று சொல்லிவிட்டு அப்படியே விட்டுவிட்டேன். நான் அதை என்ன செய்கிறேன் என்றால், வருடத்தில் சில நாள் போட்டுக் கழற்றுகிறேன். .22 ரைஃபிள்களுக்கு நாக்கு உண்டு, ஒரே விலை உள்ள இரண்டு வகைத் தோட்டாவில் ஒன்று பிடிக்கும், மற்றது பிடிக்காது. எது பிடிக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல வழியே இல்லை. ஸ்கோப்பைப் போட்டு, பெஞ்சில் வைத்து, நாலைந்து வகையைச் சுட்டுப் பார்த்து, பிடித்ததை மொத்தமாக வாங்கிவிடுங்கள். அதற்கு ஸ்கோப்பை விலைக்கு வாங்கக்கூட வேண்டாம், நண்பரிடம் ஒரு நாள் வாங்கினால் போதும். பெரிய ஸ்கோப்புக்கு வைத்திருந்த பணம் அந்தத் தோட்டாவுக்குப் போகட்டும்.

வீட்டில் வெற்றுச் சுவரைப் பார்த்துக் காலி டிரிகர் பழகுவதற்குச் செலவே இல்லை. ஆனால் சில .22 ரைஃபிள்களில் தோட்டா இல்லாமல் டிரிகர் விட்டால் ஃபயரிங் பின் (தோட்டாவை அடிக்கும் ஊசி) சேம்பரின் (தோட்டா உட்காரும் அறை) விளிம்பில் மோதித் தழும்பு போடும். கையேட்டைப் பார்த்துவிட்டு ஸ்னாப் கேப் (வெடிக்காத போலித் தோட்டா) போட்டுப் பழகுங்கள்.

மார்ச் 18

100 மீட்டர் பற்றி முதல் கேள்வியிலேயே இருந்தது, எல்லோரும் மறந்துவிட்டோம், நான் உட்பட.

50 மீட்டருக்குச் சரிசெய்த சைட்டோடு சாதாரண வேகத் தோட்டாவை 100 மீட்டரில் சுட்டால் குண்டு ஒரு சாணுக்கு மேல் தாழ்ந்து விழும். அடுத்த சிக்கல், கண்ணில் இருந்து 900 மி.மீ. தள்ளி இருக்கும் 2 மி.மீ. அகல முன் சைட் 100 மீட்டரில் 22 செ.மீ. அகலத்தை மறைக்கும். தகர டப்பா அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். ஆகவே 100 மீட்டரில் பெரிய டார்கெட் வையுங்கள், பின் சைட்டை உயர்த்தும் படி இருந்தால் ஏற்றுங்கள். இங்கே ஸ்கோப் ஜெயிக்கிறது என்று ஒப்புக்கொள்வதில் எனக்கு வருத்தம் இல்லை. 50 மீட்டருக்குள் இத்தனை வேலை இருக்கும்போது 100க்கு என்ன அவசரம்?

டப்பா என்றதும் நினைவு வந்தது: பின்னால் மண்மேடு இல்லாத இடத்தில் டப்பாவை வைக்காதீர்கள். .22 கல்லிலும் கெட்டியான இரும்பிலும் பட்டுத் தெறித்து வரும். கண் காப்புக் கண்ணாடி போடாமல் சுடவே கூடாது.

மார்ச் 19

சைட் சரிசெய்யும் விதி கேட்டவருக்கு. குண்டு எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் பின் சைட்டை நகர்த்துங்கள். முன் சைட் என்றால் நேர் எதிர். இரண்டையும் ஒரே நாளில் நகர்த்தினால் மறுநாள் தலை சுற்றும்.

குறி எங்கே வைப்பது என்பதும் இதோடு சேர்ந்தது. போட்டி ஆட்கள் திறந்த சைட்டில் கறுப்பு வட்டத்தின் அடியில் வைப்பார்கள், கறுப்பும் கறுப்பும் கலக்காமல் விளிம்பு தெளிவாகத் தெரியும் என்பதால். 50 மீட்டர் டார்கெட்டின் கறுப்பு 112.4 மி.மீ., ஆக குண்டு குறிக்கு மேலே 56 மி.மீ. போகும்படி சைட் வைத்திருப்பார்கள். அதே சைட்டோடு டப்பாவைக் குறிவைத்தால் தலைக்கு மேலே பறக்கும். வட்டத்தின் அளவு மாறினாலும் கணக்குப் போச்சு. நீங்கள் டப்பா, காகிதம் இரண்டும் சுடுகிறவர். முன் சைட்டின் மேல் விளிம்பு தொடும் இடத்திலேயே குண்டு விழும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

மார்ச் 23

கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். ஸ்கோப் வாங்கவில்லையாம், ஒரு எளிய பீப் சைட் வாங்கிப் போட்டாராம். இப்போது பின் சைட்டை அடிமட்டம் வரை இறக்கியும் குண்டு 50 மீட்டரில் 100 மி.மீ. மேலே போகிறதாம்.

சைட் கெடவில்லை. பீப் சைட் ரிசீவரின் (போல்ட் இருக்கும் உடற்பகுதி) மேல் உட்காருவதால் பார்வைக்கோடு பின்பக்கம் உயர்ந்துவிட்டது. பழைய முன் சைட் அதற்குக் குட்டை. எவ்வளவு குட்டை என்று கணக்குப் போடலாம்: மேலே போகும் அளவை இரண்டு சைட்டுக்கும் உள்ள இடைவெளியால் பெருக்கி, டார்கெட் தூரத்தால் வகுங்கள். உங்கள் இடைவெளி 600 மி.மீ. என்கிறீர்கள். 100 × 600 ÷ 50,000 என்றால் 1.2 மி.மீ. பழையதைவிட அவ்வளவு உயரமான முன் சைட் போட்டால் பின் சைட் அடிமட்டத்தில் இருக்கும்போதே நடுவில் அடிக்கும். இறக்குவதற்கும் கொஞ்சம் இடம் வேண்டும் அல்லவா, பழையதைவிட 2 மி.மீ. உயரமானதாகக் கேளுங்கள். அதிகம் என்று தோன்றினால் அரத்தால் தேய்த்துக்கொள்ளலாம், குட்டையை வளர்க்க முடியாது. தேய்க்கும்போது மேல் விளிம்பு சாயாமல் பார்த்துக்கொள்ளுங்கள், தேய்த்த இடத்தில் மசி ஏற்ற மறக்க வேண்டாம்.